உளவளத்துணையாளர் சங்கம் யாருக்காக?
கண்டியில் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

கண்டியில் பல் வைத்திய நிலையம் திறப்பவருக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். மருந்துக்கடை வைப்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதே தெருவில் ‘உளவளத்துணை நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டுபவரிடம் எந்தப் பதிவையும் யாரும் கேட்பதில்லை. மனநல வைத்தியர்களையும் மருத்துவ உளவியலாளர்களையும் மருத்துவ சபை பதிவு செய்கிறது. உளவளத்துணையாளருக்கு அப்படி ஒரு சட்டப் பதிவேடு கிடையாது. மனநோய் பற்றிய நமது கட்டளைச் சட்டம் 1873 இல் எழுதப்பட்டது. நோயாளியை எங்கே, எப்படித் தடுத்து வைப்பது என்பதே அதன் கவலை. ஓர் அறையில் இருவர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் இந்தத் தொழில் அன்று இங்கே இருக்கவேயில்லை.

இதனால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் முறையாக டிப்ளோமா முடித்தவரும், சில வார இறுதி வகுப்புகளோடு சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயரில் தொழில் செய்கிறார்கள். கலஹாவிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தாய்க்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. சட்டம் விட்ட இந்த இடத்தைத்தான் தொழில்வாண்மைச் சங்கங்கள் நிரப்ப வேண்டியிருக்கிறது.

பிரித்தானியாவிலும் ‘உளச்சிகிச்சையாளர்’ என்ற பெயருக்கு இன்றுவரை சட்டக் காப்பு இல்லை. 1977 இல் உருவாகி, 2000 இல் உளச்சிகிச்சையையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. அதற்கு ஓர் ஒழுக்கக்கோவை இருக்கிறது. யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் முறையிட ஒரு வழியும் இருக்கிறது. இம்மூன்றும் உள்ள சங்கம் சட்டம் வரும்வரை மக்களைக் காக்கும். இவை இல்லாத சங்கம் உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கும், அவ்வளவுதான்.

சங்கம் என்பது முதலில் துணைநாடி வருபவருக்காக, அதன்பிறகே உறுப்பினருக்காக. கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை.

தொழிலுக்கு வரும் இளம் உளவளத்துணையாளருக்கு

செய்ய வேண்டியவை

1. ஒழுக்கக்கோவையை வாசித்த பிறகே உறுப்புரிமைப் படிவத்தில் கையொப்பமிடுங்கள். இரகசியம் காத்தல், அதன் எல்லைகள், துணைநாடி வருபவரோடு வேறு உறவுகள், உங்கள் திறமைக்கு அப்பாற்பட்டவரை எங்கே அனுப்புவது, உங்கள்மேல் முறைப்பாடு வந்தால் என்ன நடக்கும்: இவை பற்றி அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். இவற்றில் ஒன்றைப் பற்றியும் பேசாத கோவை என்றால், அந்தச் சங்கத்திடம் காரணம் கேளுங்கள்.

2. மேற்பார்வை இல்லாமல் ஒரு மாதமும் தொழில் செய்யாதிருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிரித்தானியச் சங்கம் தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினரிடம் மாதம் ஒன்றரை மணிநேர மேற்பார்வையாவது எதிர்பார்க்கிறது. கண்டியில் தமிழில் மேற்பார்வை தரக்கூடிய மூத்தவர்கள் குறைவு. அப்படியானால் கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி என்று சிதறிக் கிடக்கும் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை ஒன்றுகூடி, ஒரு மூத்தவரை அழைத்து, பெயரும் ஊரும் சொல்லாமல் தங்கள் வேலையை அவர் முன் வையுங்கள். சிங்களத்தில் மட்டுமே மேற்பார்வை கிடைக்கிறதென்றால் அதையும் விடாதீர்கள். ஆனால் துணைநாடி வருபவர் தமிழில் சொன்ன வாசகத்தை முதலில் அப்படியே சொல்லிவிட்டுப் பிறகு விளக்குங்கள். ‘மனசு பாரமா இருக்கு’ என்பதும் ‘நெஞ்சு அடைக்குது’ என்பதும் மொழிபெயர்ப்பில் ஒரே ‘மனச்சோர்வு’ ஆகிவிடக்கூடாது.

3. இரகசியத்தின் எல்லையை முதல் சந்திப்பிலேயே, எளிய பேச்சில் சொல்லிவிடுங்கள். இப்படிச் சொல்லலாம்: “அக்கா, நீங்க இங்க சொல்றத நான் வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்குதுன்னா மட்டும் உதவி கேட்க வேண்டிவரும். அப்பவும் முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யப் பார்ப்பேன்.” இதை அவர் விளங்கிக்கொண்டாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். தாளில் அச்சடித்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது.

4. அடுத்த வாசல் எது என்ற பட்டியலை மேசையிலேயே வைத்திருங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, உளவளத்துணைக்கான 1333, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, மகளிர் உதவிக்கான 1938, அம்புலன்ஸுக்கு 1990: இந்த இலக்கங்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். உயிரை மாய்க்க முயன்றவரை பொலிஸ் பிடிக்கும் என்று அஞ்சி வைத்தியசாலைக்குப் போகாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதைச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

5. குறிப்பேட்டைப் பூட்டி வையுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய விபரங்களை விசேட கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. பெயர் ஒரு கொப்பியிலும் பேசிய விடயம் இன்னொரு கொப்பியிலும் இருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகும்.

செய்யக்கூடாதவை

1. உறுப்புரிமை இலக்கத்தைப் பட்டம் போலக் காட்டாதீர்கள். சங்க உறுப்பினராக இருப்பது ஒன்று, பயிற்சி பெற்றிருப்பது இன்னொன்று. பலகையில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். யாராவது உங்களை ‘டொக்டர்’ என்று அழைத்தால் அந்த இடத்திலேயே திருத்துங்கள்.

2. மருந்தில் கை வைக்காதீர்கள். ‘இந்த மாத்திரையை நிப்பாட்டிப் பாருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது உங்கள் எல்லைக்கு வெளியே. மருந்தால் தூக்கம் அதிகமாகிறது, உடம்பு பருக்கிறது என்று அவர் முறையிட்டால், அதையே எழுதிக்கொடுத்து கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள்.

3. உளவளத்துணையாளராக இருந்துகொண்டே ஒருவருக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பவராகவோ, சம்பந்தம் பேசுபவராகவோ, வீடு வாடகைக்குக் கொடுப்பவராகவோ ஆகாதீர்கள். கண்டி சிறிய நகரம். கட்டுகலைப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது போன வாரம் உங்கள் முன் அழுதவர் பக்கத்தில் நிற்பார். அங்கே நீங்களாகப் பேச்சுக் கொடுக்காமல், அவர் தலையசைத்தால் தலையசைப்பது நல்லது. அப்படி நேரலாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவைப்பது இன்னும் நல்லது. காதல், உடலுறவு விடயத்தில் சலுகையே கிடையாது. அமெரிக்க உளவளத்துணைச் சங்கத்தின் கோவை, தொழில்முறை உறவு முடிந்து 5 ஆண்டுகள் வரைகூட அதைத் தடுக்கிறது.

4. வட்ஸ்அப் குழுவில் துணைநாடி வருபவரைப் பற்றிப் பேசாதீர்கள். “புசல்லாவையில ஒரு டீச்சர், வயசு முப்பத்தஞ்சு” என்று எழுதினாலே அது யாரென்று தெரிந்துவிடும்.

5. கோயிலையும் தர்காவையும் தேவாலயத்தையும் பன்சலையையும் இழிவாகப் பேசாதீர்கள். உங்களிடம் வருபவர் அதற்கு முன் நூல் கட்டியிருப்பார், விபூதி மந்திரித்திருப்பார், சிலர் பேயோட்டும் தொவில் சடங்கு செய்திருப்பார்கள். அதையெல்லாம் கேட்டறியுங்கள். அங்கே அடி விழுந்ததா, மருந்தை நிறுத்தச் சொன்னார்களா என்பதை மட்டும் தவறாமல் விசாரியுங்கள்.

தோட்டத்துக்குப் போகும்போது

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அன்றிலிருந்து மலையேறி வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் லயக் காம்பராக்களில் வாழ்கிறார்கள். நகரத்து அறைக்காக எழுதப்பட்ட ஒழுக்கக்கோவை இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தாது. எப்படிப் பொருத்துவது என்று சொல்லித்தர வேண்டியது சங்கம்.

செய்ய வேண்டியவை

1. பேசுவதற்கு இடம் தேடுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே உட்கார்ந்து ‘வீட்டுக்காரர் அடிக்கிறாரா?’ என்று கேட்டால் அந்தப் பெண் ‘இல்ல மிஸ்’ என்றுதான் சொல்வார். பிள்ளைக்காம்பரா மூடிய பிறகு அதன் திண்ணை, பாடசாலையில் ஆளில்லாத வகுப்பறை, கோயில் மண்டபத்தின் மூலை என்று பாருங்கள். பலர் பார்க்கக்கூடிய, ஆனால் யாருக்கும் காதில் விழாத இடம் நல்லது.

2. நேரத்தையும் பாருங்கள். காலைப் பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, வீடு வந்து, விறகும் தண்ணீரும் பார்த்த பிறகே அவருக்கு நேரம் கிடைக்கும். பகல் பத்து மணிக்கு வரச்சொன்னால் அன்றைய பெயர் விழாது, சம்பளம் போய்விடும்.

3. வைத்தியசாலையில் மொழிபெயர்க்க வேறொருவரைக் கேட்டு வாங்குங்கள். தெல்தோட்டைப் பெண் ஒருவர் கண்டிக்கு கிளினிக் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் சிங்களத்தில் கேட்கிறார். கூட வந்த கணவர் மொழிபெயர்க்கிறார். அவர் வாயால் வெளிவருவது தலைவலியும் தூக்கமின்மையும் மட்டுமே. தமிழ் பேசும் ஒரு தாதி கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால்தான் குடியும் அடியும் வெளியில் வரும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லவும் அப்போதுதான் ஆளிருப்பார்.

செய்யக்கூடாதவை

1. துரையோ கணக்கப்பிள்ளையோ தலைவரோ சொல்லி அனுப்பியவர் என்பதற்காக, அவர் சொன்னதை அவர்களிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். அனுப்பியவருக்கு ‘வந்தார்’ என்பதைத் தவிர வேறொன்றும் தெரியத் தேவையில்லை. அதையும் வந்தவரின் சம்மதத்தோடுதான் சொல்ல வேண்டும். பாடசாலையில் அதிபருக்கும் இதே விதிதான்.

2. வறுமையை நோயாக எழுதாதீர்கள். கடனால் தூக்கம் வராதவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. பிரதேச செயலகத்தில் எந்த உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லி, முடிந்தால் கூடப் போங்கள்.

மண்சரிவுக்கும் கலவரத்துக்கும் பின்

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல நாடுகளிலிருந்து ஆலோசகர்கள் இலங்கையில் வந்து இறங்கினார்கள். மொழி தெரியாதவர்களும் சில வாரங்களில் திரும்பிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010 இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினார். 2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. இப்படியான நாட்களில் நல்லெண்ணத்தோடு வருபவர்கள் நிறையப் பேர். அவர்களை ஒழுங்குபடுத்தும் வேலையை ஏற்க வேண்டியது சங்கம்.

செய்ய வேண்டியவை

1. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேட்டின் மூன்று படிகளையும் தொண்டர் ஒவ்வொருவருக்கும் பழக்குங்கள்: பார், கேள், இணைத்துவிடு. ஆபத்தும் அவசரத் தேவையும் யாருக்கு என்று பார்க்க வேண்டும். பேச விரும்புபவர் பேசுவதைக் கேட்க வேண்டும். உணவு, உறைவிடம், காணாமற்போன உறவினர் பற்றிய தகவல், வைத்தியசாலை ஆகியவற்றோடு இணைத்துவிட வேண்டும்.

2. முகாமுக்குப் போகுமுன் பிரதேச செயலகத்திலும் மாவட்ட மனநலப் பிரிவிலும் பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரே குடும்பத்திடம் ஐந்து குழுக்கள் ஐந்து தடவை அதே கேள்வியைக் கேட்பதை இதனால் தவிர்க்கலாம்.

3. ஆறு மாதம் கழித்தும் போங்கள். எல்லோரும் திரும்பிப் போன பிறகுதான் பலருக்கு அழுகை வரும்.

செய்யக்கூடாதவை

1. நடந்ததை விலாவாரியாகச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒரே அமர்வில் முழுக்கதையையும் சொல்லவைத்து அனுப்பும் முறையைப் பொதுச் சேவையாக நடத்த வேண்டாம் என்று பல ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007 இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

2. மண்ணில் புதைந்த வீட்டின் முன் நின்று புகைப்படம் எடுத்துச் சங்கப் பக்கத்தில் போடாதீர்கள்.

3. பிள்ளைகளுக்கு ஒருநாள் விளையாட்டு நடத்திவிட்டு ‘உளச்சிகிச்சை அளித்தோம்’ என்று அறிக்கை எழுதாதீர்கள். விளையாட்டு நல்லதுதான். அதை விளையாட்டு என்றே எழுதுங்கள்.

சங்க நிர்வாகத்துக்கு

செய்ய வேண்டியவை

1. முறைப்பாட்டு வழியைத் தமிழிலும் திறந்துவையுங்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் உளவளத்துணையாளரால் ஏமாற்றப்பட்ட ஒரு தமிழ்ப் பெண், ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அந்தத் திருத்தத்தால் அவருக்கு என்ன பயன்? கையெழுத்தில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும் என்று அறிவியுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லவும் ஒருவரை நியமியுங்கள். விசாரிக்கும் மூவரில் ஒருவராவது சங்கத்துக்கு வெளியே இருந்து வந்தவராக இருக்கட்டும். பதில் தரும் நாளையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. உறுப்பினர் பட்டியலை மும்மொழியிலும் வெளியிடுங்கள். ஒவ்வொருவரும் எங்கே, எத்தனை காலம் பயின்றார், எந்த மொழியில் பேசுவார் என்பது அதில் இருக்க வேண்டும். நீக்கப்பட்டவரின் பெயர் நீக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

3. தமிழ்வழி மேற்பார்வையாளர்களை உருவாக்குங்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் சாந்திகம் என்ற உளவளத்துணை நிறுவனத்தின் போர்க்கால அனுபவமும், பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தமிழிலேயே எழுதிவைத்தவையும் இருக்கின்றன. வடக்கின் மூத்தவர்களை ஆண்டுக்கு இருமுறை கண்டிக்கு அழைத்தால் மலையகத்தில் ஒரு தலைமுறையே உருவாகும்.

4. சட்டத்துக்காகக் குரல் கொடுங்கள். இந்தியா 1992 ஆம் ஆண்டின் புனர்வாழ்வுப் பேரவைச் சட்டத்தின் மூலம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. 2021 இல் இணைச் சுகாதாரத் தொழில்களுக்கென்று தனி ஆணைக்குழுச் சட்டத்தையும் இயற்றியது. இங்கும் உளவளத்துணையாளருக்குச் சட்டப் பதிவேடு வர வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள்தான்.

செய்யக்கூடாதவை

1. முறைப்பாடு வந்தால் ‘சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைக்காதீர்கள். சமாதானம் பேசி முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லாதீர்கள். நியாயமாக விசாரித்து ஒருவரை நீக்கிய சங்கத்தின்மேல் மக்களுக்கு நம்பிக்கை கூடும்.

2. சந்தா கட்டினால் போதும் என்று உறுப்புரிமையைப் புதுப்பிக்காதீர்கள். அந்த ஆண்டில் மேற்பார்வை பெற்றாரா, புதிதாக எதையாவது பயின்றாரா என்று கேளுங்கள்.

3. தொண்டர்களைத் தாழ்வாகப் பார்க்காதீர்கள். சுமித்ரயோ 1974 முதல் இந்த நாட்டில் மனமுடைந்தவர்களின் குரலைக் கேட்டுவருகிறது. அதன் தொண்டர்கள் தங்களை நண்பர்களாகவே முன்வைக்கிறார்கள், சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த நேர்மை பட்டம் பெற்றவர்களும் பழக வேண்டிய ஒன்று.

துணை தேடிப் போகிறவருக்கு

செய்ய வேண்டியவை

1. முதல் நாளே இவற்றைக் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள்? எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள்? உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் இருக்கிறாரா? ஒரு தடவைக்கு எவ்வளவு? எனக்குக் குறை இருந்தால் யாரிடம் சொல்லலாம்? நல்ல உளவளத்துணையாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

2. தமிழில் பேச வேண்டும் என்று துணிந்து கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

செய்யக்கூடாதவை

1. மூன்றே அமர்வில் குணமாக்குவேன் என்று உறுதி தருபவரிடமும், மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்பவரிடமும் போகாதீர்கள்.

2. தொடுவது, தனியாக வெளியே அழைப்பது, இரவில் காரணமில்லாமல் செய்தி அனுப்புவது போன்றவை நடந்தால் ‘நம்ம மேலதான் தப்போ’ என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அந்தத் தவறு முழுவதும் அவருடையது. சங்கத்துக்கு எழுதுங்கள், பொலிஸில் முறையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

3. ஒருவரிடம் மனம் ஒட்டவில்லை என்பதற்காக உதவி தேடுவதையே கைவிடாதீர்கள். வேறொருவரிடம் போவதில் எந்தக் குறையும் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளே இந்தப் பட்டியலில் அதிகம். தமிழில் ஒரு முறைப்பாட்டுப் படிவம், மும்மொழியில் ஓர் உறுப்பினர் பட்டியல், மாதம் ஒரு மேற்பார்வைக் கூட்டம்: இவற்றுக்கு நாடாளுமன்றம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கும் முன் ஓர் உறுப்பினர் எழுந்து, இந்த ஆண்டு எத்தனை முறைப்பாடுகள் வந்தன, அவற்றில் எத்தனை தமிழில் வந்தன, எத்தனைக்குப் பதில் கொடுத்தோம் என்று கேட்க வேண்டும். பதில் ‘ஒன்றும் வரவில்லை’ என்றால் குறையே இல்லை என்று மகிழ்ந்துவிடக்கூடாது. வழி யாருக்கும் தெரியவில்லையா என்று தேடிப் பார்க்கும் பொறுப்பை அந்தக் கூட்டத்திலேயே ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.